தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணுனீங்களா

வண்ணார்பேட்டை சிக்னலில்
தொண்ணூற்று நான்கு வினாடி.
எனக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ,
செய்துங்கநல்லூர் பஸ்,
இரண்டுக்கும் இடையில் அது.

பழைய ஹெரால்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.
வாழைப்பூ மடல் நிறத்தில் பாதி,
பிரைமர் சாம்பலில் மீதி.
பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய முட்டை அட்டைகள்.
வாலோரம் மீனுக்குப் போல இரண்டு துடுப்பு.
ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு குனிந்தேன்.
பம்பருக்குக் கீழே
இரண்டு விசிறிகள்,
மூன்று மூன்று இதழ்,
தோணிக்கு இருப்பது.

பதினெட்டு வருஷமாய்
நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துச் சம்பாதிப்பவன் நான்.
இந்த ஜெர்மன் வண்டியைப்
படத்தில் பார்த்ததோடு சரி.
ரோட்டில் வரும், ஆற்றில் இறங்கும்,
அக்கரையில் ஏறித் தண்ணீர் சொட்டச் சொட்ட
வீட்டுக்குப் போகும்.
ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு
"பின்னால எதுக்குவே டேபிள் ஃபேன மாட்டிருக்கான்"
என்று ஹாரன் அடித்தார்.

அந்த மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு
இருநூற்று அறுபத்தொரு கார்கள் என் பெயரில் வந்தன.
டேஷ்போர்டில் ஆகாயத்தாமரை.
கைப்பிடியைத் திறந்தால்
அயிரை மீன் விழுந்தது ஒன்றில்.
எல்லாரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்.
தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணுனீங்களா?

பண்ணவில்லை என்றால் பணம் உண்டு.
பண்ணினால்
எஞ்சின் தண்ணீரைக் குடித்துப் பிஸ்டனை வளைத்துக்கொள்ளும்,
உரிமையாளர் தவறு, கிளெய்ம் தள்ளுபடி.
இருநூற்று அறுபது பேர் இல்லை என்றார்கள்.
சிந்துபூந்துறை கால்டாக்சி தவசிக்கனி மட்டும்
"ஆமா சார், ரெண்டு தடவ.
உசுரு கெடக்கான்னு பாத்தேன்" என்றார்.
சொன்னதை அப்படியே எழுதினேன்.

பச்சை விழுந்தது.
பின்னாலேயே போனேன்.
முருகன்குறிச்சியில் ஒரு டிராக்டர் மோதல்
எனக்காகக் காத்திருந்தது, காத்திருக்கட்டும்.
கொக்கிரகுளத்தில், பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்,
அது இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டது.
இடதுபக்கம் ஆறு.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.
இறங்கப் போகிறான்.
முட்டை அட்டைகளோடு,
பட்டப்பகலில், கலெக்டர் ஆபீஸ் முதுகுக்குப் பின்னால்,
இறங்கப் போகிறான்.

பஞ்சர் கடையில் நின்றது.
முன்சக்கரத்துக்குக் காற்று.

ஓட்டி வந்தவர் மேலப்பாளையம் சிந்தா மதார்.
கோழிப்பண்ணைக்காரர் தராத பாக்கிக்கு
இதைத் தந்தாராம்.
"தண்ணில போவுமா பாய்?"
"எங்க சார். கதவு ரப்பர் செத்துட்டு.
மழை பெஞ்சா மடியில ஒழுகுது."
"வெள்ளத்துல?"
"செட்டுக்குள்ள மூணு நாளு முங்கிக் கெடந்துச்சு.
பக்கத்துல நின்ன குட்டியானையும் முங்கிட்டு.
ரெண்டுக்கும் ஒரே சேறுதான்."

கேட்கக்கூடாது என்று நினைத்தேன்.
பதினெட்டு வருஷப் பழக்கம், வாய் கேட்டுவிட்டது.
தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணுனீங்களா?

அவர் என்னைப் பார்த்தார்,
பைக் டேங்கில் இருந்த ஃபைலைப் பார்த்தார்.
"பண்ணாம?
இது அதுக்குன்னே உள்ள வண்டிலா."
பிறகு கொஞ்சம் சத்தம் தணிந்து,
"கழுத்தளவு தண்ணில நின்னு, ரெண்டு தடவ" என்றார்.

காற்றடிக்கிற பையன் குழாயைப் பிடுங்கினான்.
"இருவத்தெட்டு போதுமா பாய்?"
போதும்.

வண்டி நகரும்போது
விசிறிகள் இரண்டும் சும்மா ஒருமுறை சுற்றி நின்றன.
பஸ்கள் போகிற பாலத்தில் அதுவும் ஏறியது.
கீழே, பாறையைச் சுற்றிக்கொண்டு,
எருமை கால் நனைகிற அளவுக்கு
ஆறு போய்க்கொண்டிருந்தது.

டிராக்டர்காரர் மூன்றாவது தடவை அழைத்தார்.
தவசிக்கனியின் எண் இன்னும் என் போனில் இருக்கிறது.